விளிம்பில் கொட்டிய மண்

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அறுபது பேருக்கு நடுவில், இருபத்தொன்பது வயதில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது புது லெக்சரர் என்று நினைத்து முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. அவள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருவன், "என்னக்கா, இப்படி ஏமாத்திட்டீங்களே" என்றான். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

டிப்ளமோ முடித்தவள் என்பதால் நேராக இரண்டாம் ஆண்டில் இடம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சிறிய அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் செத்த பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில், சுவரைப் பார்த்தபடி இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் வந்து, பிள்ளைகூட இல்லையே என்று ஒரு பாட்டம் அழுது, காபி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அண்ணன்தான் ஒரு நாள் விண்ணப்பப் படிவத்தோடு மாடியேறி வந்தார்.

"படி. நீ எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கணும். இந்தச் சுவத்துல ஒண்ணும் எழுதியில்ல."

"எனக்கு எதுக்குண்ணே இனிமே படிப்பு?"

"எனக்காகப் படி." படிவத்தை அவள் பக்கத்தில் வைத்தார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் பொக்லைன் ஓட்டுகிறவர். வேலைத்தளங்களில் அவருக்கு 'வரப்பு' என்று பெயர். சாக்கடைக் குழாய் பதிக்கத் தெரு நெடுக நீளமாகக் குழி தோண்டும்போது, எடுக்கிற மண்ணைக் குழியின் ஓரமாகவே, வரப்பு கட்டினதுபோல நேராகக் குவித்துக்கொண்டே போவார். ஒரு கூடை மண்கூடத் தெருவில் சிதறாது. மீதித் தெருவில் வண்டிகள் தாராளமாகப் போய்வரும். குழாய் இறக்கி முடித்ததும் அதே மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளிக் குழியை மூடிவிடலாம். மற்ற ஆபரேட்டர்கள் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அரை வட்டம் திரும்பினால் அண்ணன் கால் வட்டம்தான் திரும்புவார். "வரப்பு வந்தா வேலை ரெண்டு நாள் முன்னாடியே முடியும்" என்று கான்ட்ராக்டர்கள் அவரைத்தான் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பெயரில் அண்ணனுக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. ஏன் இருக்கக்கூடாது? இருபது வருடம் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்தவர் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

அவளுடைய கணவன் பைப் ஃபிட்டர், அண்ணனுக்குச் சிநேகிதன். மேலே அண்ணன் தோண்டிக்கொண்டு போக, கீழே அவனும் நெட்டை என்கிற இன்னொரு ஃபிட்டரும் இறங்கிக் குழாயைக் கோப்பார்கள். மூவரும் ஒரே செட்டு. ஒருவர் வரவில்லையென்றால் மற்ற இருவருக்கும் வேலை ஓடாது. கல்யாணப் பேச்சை எடுத்ததும் அண்ணன்தான். "பையனை நான் தினமும் மேலே இருந்து பாக்கிறேன். ஒரு குறையும் இல்லை" என்று வீட்டில் சொல்லி முடித்துவைத்தார்.

நான்கு வருடக் குடித்தனம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு அடிக் குழியில் ஒரு பக்கச் சுவர் மொத்தமாகச் சரிந்து அவன்மேல் விழுந்தது. குழாய் மூட்டில் மாட்டும் ரப்பர் வளையம் எடுக்க நெட்டை அப்போதுதான் ஏணியில் ஏறியிருந்தான். புதைந்த ஆளைப் பொக்லைனால் தோண்ட முடியாது. பக்கெட்டின் பல் ஆளையே கிழித்துவிடும். அண்ணன் வண்டியிலிருந்து குதித்து நெட்டையோடு சேர்ந்து கையாலேயே தோண்டினார். முகம் வெளியே தெரிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதெல்லாம் மனசு கேட்காமல் செய்ததுதான்.

முந்தின இரண்டு நாளும் தூறல். விசாரித்து எழுதின அறிக்கை, மழையில் மண் நெகிழ்ந்ததே காரணம் என்று முடிந்தது. எல்லோருக்கும் வசதியான காரணம். மழையை யார் கோர்ட்டுக்கு இழுப்பது? அவளும் நம்பினாள். அண்ணனும் நம்பினார். நம்பியும் அவருக்கு ஆறவில்லை. நானிருக்கும்போதே போய்விட்டானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் காணாமல் போய், ரயில் பாதை ஓரமாக நின்றுகொண்டிருந்தவரை அண்ணிதான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எட்டு மாதம் வண்டியில் ஏறவில்லை. ஏறின பிறகும் சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார் என்று நெட்டை சொல்வான்.

"அவர்கிட்ட அந்த நாளைப் பத்தி மட்டும் எதுவும் எடுக்காத" என்று அண்ணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "என் தாலி உன் வாயிலதான் இருக்கு." அவளும் தலையாட்டினாள்.

இப்படித்தான் அவள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தாள். மற்றபடி படிப்பு படிப்பாகத்தான் இருந்தது. கணிதத்தில் தடுமாறினாள், வரைபடத்தில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டாள். சர்வே கேம்ப்பில் பத்து நாள் வெயிலில் அளவுக் கோலைப் பிடித்து நின்று முகம் கறுத்தாள். கான்கிரீட் லேபில் முதல் முறை உடைத்த கட்டி பாதி அழுத்தத்திலேயே பொடியானபோது, "அக்கா, இந்த வீட்டுக்கு நாங்க குடி வரலை" என்று பிள்ளைகள் ஓட்டினார்கள். பதில் சொல்லவும் பழகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அண்ணன், "என்ன இன்ஜினியரம்மா, இன்னைக்கு என்ன கட்டினீங்க?" என்பார். ஏதாவது சொல்வாள். புரிகிறதோ இல்லையோ, முழுக்கக் கேட்பார். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

மூன்றாம் ஆண்டில் மண் இயந்திரவியல் வந்தது. அதை நடத்தியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மண்ணாங்கட்டி சார். குட்டையான மனிதர், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். லேபில் அவருக்கு முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். களிமண்ணை உருளையாக நறுக்கி எந்திரத்தில் வைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேலிருந்து அழுத்தும். டயலில் முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் தயங்கி இறங்கும். அப்போது உருளையின் குறுக்கே சாய்வாக ஒரு விரிசல் ஓடும். பிள்ளைகள் சக்கரம் சுற்றப் போட்டி போடுவார்கள். அவள் மட்டும் முன்வரமாட்டாள். அளவுகளைக் குறிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை செங்குத்தாக வெட்டிய குழியைப் பற்றி நடத்தினார். களிமண்ணை முட்டுக் கொடுக்காமல் நேராக வெட்டினால் ஓர் ஆழம் வரை அது தானாக நிற்கும். எவ்வளவு ஆழம் என்பது மண்ணின் பிடிப்பையும் எடையையும் பொறுத்தது. சூத்திரத்தை எழுதிவிட்டு, படத்தில் குழியின் விளிம்பை ஒட்டி ஒரு குவியலை வரைந்தார்.

"இப்ப ஓரத்துல ஒரு பாரம் வருது. லாரியா இருக்கலாம், அடுக்கி வச்ச குழாயா இருக்கலாம், தோண்டின மண்ணாவே இருக்கலாம். என்ன ஆகும்?"

"சார், எங்க ஹாஸ்டல் வார்டனா இருந்தா?" என்றது ஒரு குரல்.

"மொத்தத் தெருவும் உள்ள போயிடும். உக்காரு." அவரே சிரித்துவிட்டார். "நிக்கிற உயரம் குறையும். எவ்வளவு குறையும்னு இப்ப பாப்போம்."

அறுபது பேனாக்கள் எழுதிக்கொண்டிருந்தன. அவளுடையது நின்றுவிட்டது. போர்டில் இருந்தது அண்ணனுடைய வரப்பு. அளவு பிசகாமல், நேராக, குழியின் ஓரத்தில்.

விசாரணை அறிக்கையின் நகல் அவளிடம் இருந்தது. மூன்றரை வருடத்தில் எத்தனையோ முறை எடுத்துப் படித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் இருந்த படமும் அளவுகளும் அவளுக்கு வெறும் கோடுகள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பிரித்தாள். குழியின் ஆழம் பன்னிரண்டு அடி. மண் சோதனைச் சீட்டில் பிடிப்பும் எடையும் இருந்தன. படத்தில் கோடு கோடாகப் போட்டிருந்த ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தோண்டிய மண், உயரம் ஐந்து அடி, விளிம்பிலிருந்து இரண்டு அடி' என்று இருந்தது. எழுதின அதிகாரிக்கு அதன் அர்த்தம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டு, முதல் பக்கத்தில் மழை என்று எழுதினார்.

கணக்கு ஆறே வரிதான். மண் தன்பாட்டுக்கு விடப்பட்டிருந்தால் பன்னிரண்டே முக்கால் அடி வரை நின்றிருக்கும். ஓரத்தில் அந்தக் குவியலோடு என்றால் எட்டரை அடி. மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மழையைக் கணக்கில் சேர்க்கத் தேவையே வரவில்லை.

கீழே அண்ணன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கு எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வண்டி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நோட்டை மூடினாள். தன்னைத் தூக்கி வளர்த்தவர், புருஷனைத் தேடித் தந்தவர், புருஷன் போன பிறகு எழுப்பி உட்காரவைத்துப் படிக்க அனுப்பினவர். அந்தப் படிப்பு கடைசியில் இவரை நோக்கித்தானா விரல் நீட்ட வேண்டும்?

மறுநாள் நோட்டோடு மண்ணாங்கட்டி சாரின் அறைக்குப் போனாள். "ஒரு கணக்கு சார். சரியா இருக்கான்னு பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தார். "கணக்கு சரி. யாரோட குழி இது?"

"சும்மா, நானா போட்டுப் பாத்தேன் சார்."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சுவத்தைத் தாங்குற முட்டுப் பலகை எங்க? மண்ணு நிக்கும்னு கணக்கு சொன்னாலும் பலகை இல்லாம ஆளை இறக்கக்கூடாது. பன்னிரண்டடிக் குழியில பலகை இல்லாம இறக்கினவனைத்தான் முதல்ல பிடிச்சு உள்ள தள்ளணும்."

"ஓரத்துல மண்ணைக் கொட்டினவர், சார்?"

"அவனுக்கு யாரு சொன்னா? கண்ணுக்குக் கெட்டியாத் தெரியுது, கொட்டுறான்." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "யாரும் சொல்லலைன்னா இன்னைக்கும் எங்கயோ அப்படித்தான் கொட்டிக்கிட்டு இருப்பான்."

பலகை விஷயம் அவளுக்கும் தெரியும். பலகையும் முட்டும் லாரியில் வந்து இறங்கும். அதிகாரி பார்வையிட வருகிற அன்று குழிக்குள் ஜம்மென்று நிற்கும். மறுநாளே லாரியில் ஏறி அடுத்த தளத்துக்குப் போய்விடும். கணவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். குற்றம் அந்தப் பலகையை ஏற்றி அனுப்பினவர்கள்மேல் என்று அவள் மனம் திரும்பத் திரும்ப வாதாடியது. வாதம் சரியானதுதான். ஆனாலும் அந்த இரண்டு அடி அப்படியே இருந்தது.

ஆக, அவள் கையில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. சொல்வதா வேண்டாமா? சொன்னால் அண்ணன் திரும்ப ரயில் பாதைக்குப் போவார். சொல்லாவிட்டால் நாளைக்கும் ஒரு குழியின் ஓரத்தில் வரப்பு எழும்பும், அதற்குக் கீழே யாரோ குனிந்து குழாய் கோப்பார்கள். இரண்டையும் எடை போட்டாள். ஒரு தட்டில் அண்ணனின் முகம் இருந்தது. மறு தட்டில் முகமே இல்லை. முகம் இருந்த தட்டுதான் இறங்கியது.

ஒரே ஒரு தடவை முயற்சி செய்தாள், அதையும் பாதியில் விட்டாள். ஒரு விடுமுறை நாள். நெட்டை வீட்டுக்கு வந்திருந்தான். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். நிலைப்படிக்குக் குனிந்துதான் உள்ளே வருவான், அப்படியும் மாதம் ஒருமுறை இடித்துக்கொள்வான். அண்ணனும் அவனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறினாள்.

"அண்ணே, குழி தோண்டுறப்ப மண்ணைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டக்கூடாதா?"

"எவ்வளவு தள்ளி?"

"குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம்."

அண்ணன் சிரித்தார். "பன்னிரண்டடி தள்ளிக் கொட்டினா எதிர்வீட்டு வாசப்படியிலதான் கொட்டணும். எதுக்குக் கேக்குற?"

"புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கு."

"புத்தகத்துல தெரு எவ்வளவு அகலம்னு போட்டிருக்கா தங்கச்சி?" என்றான் நெட்டை. "வரப்பு பேரைக் கெடுத்துடாத. அப்புறம் எங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

இருவரும் சிரித்தார்கள். ஏன் என்று அண்ணன் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் கேட்கவில்லை. அண்ணி சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் தேர்வு வந்தது. அந்தக் கேள்வியே வந்தது. விளிம்பில் பாரம் உள்ள செங்குத்து வெட்டு, நிற்கும் உயரம் காண்க. பதினாறு மதிப்பெண்ணும் அவளுக்குக் கிடைத்தது. மண்ணாங்கட்டி சார் ஒரு கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டதே அதுவரை இல்லையாம். வகுப்பே அவளிடம் விருந்து கேட்டது. அண்ணன் கடையில் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து தளத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். எதில் முழு மதிப்பெண் என்று நெட்டை கேட்டானாம். "மண்ணுல" என்றாராம் அண்ணன்.

நான்காம் ஆண்டு தொடங்கி, ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அண்ணி போன் செய்தாள். அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்பது விளங்கியதும் அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் அது நின்றது. பதினொரு அடிக் குழி. நெட்டை உள்ளே இருந்தான். அண்ணன் திரும்பவும் கையால் தோண்டியிருக்கிறார். இந்த முறை நாற்பது நிமிடம்.

அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டபோது வந்த அந்த மூச்சுக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

நெட்டையை எடுத்து ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் மாடியேறி வந்தார். பத்து விரலிலும் நகம் போயிருந்தது, கட்டுப் போட்டிருந்தார்கள். அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. அவர் ரயில் பாதைக்குப் போய்விடுவார் என்று ஐந்து நாளாக அண்ணியும் அவளும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தது வீண். அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஏதோ ஒன்றை முடித்தாகவேண்டும் என்று வந்தவர்போல இருந்தார்.

"மூணு வாரமா ஒரு பொட்டு மழை இல்ல" என்றார். "மண்ணு காஞ்சு கெட்டியா இருந்துச்சு. அப்படியும் அன்னைக்கு விழுந்த மாதிரியே விழுந்துச்சு. அதே பக்கம். நான் உக்காந்திருந்த பக்கம் இல்ல, மண்ணு கொட்டின பக்கம். அஞ்சு நாளா அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீ படிச்சவ. சொல்லு, ஏன் விழுந்துச்சு?"

அவள் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"நீ அன்னைக்குச் சாப்பிடும்போது தள்ளிக் கொட்டச் சொன்னியே. அது சும்மா சொன்னதா?"

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குழியை வரைந்தாள். ஓரத்தில் குவியலை வரைந்தாள். அந்தப் பாரம் விளிம்பு வழியாக இறங்கிச் சுவரைச் சாய்வாக எங்கே வெட்டும் என்று கோடு போட்டுக் காட்டினாள். தனியாக நின்றால் எவ்வளவு, குவியலோடு எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதினாள். அண்ணன் கட்டுப் போட்ட கையால் தாளைத் தன் பக்கம் நகர்த்திப் பார்த்தார்.

"இது எந்தக் குழி? நெட்டை இருந்ததா, மாப்பிள்ளை இருந்ததா?"

"அவர் இருந்தது."

"ரெண்டடிதான் விட்டிருந்தேன்" என்றார் அண்ணன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தெரு அப்படி."

"பலகை வைக்கலைண்ணே. பலகை இருந்தா ரெண்டு பேருமே செத்திருக்க மாட்டாங்க. அது அவங்க செஞ்ச கொலை. நீ எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்காத."

"அவங்க கணக்கை அவங்ககிட்ட கேப்பேன். விசாரணைக்குக் கூப்பிடட்டும், இந்தத் தடவை வாயைத் திறப்பேன். இப்ப என் கணக்கைக் கேக்கிறேன்." தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம். இந்த ஐந்து நாளில்தான் புத்தகத்தைப் பார்த்தேன் என்றால் நம்பிவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது.

"ஏழு மாசமா."

அண்ணன் தலையை நிமிர்த்தினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வந்திருந்தால்கூடத் தேவலை. அவர் எதையோ மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எதை என்று அவளுக்குத் தெரியும். இந்த ஏழு மாதத்தில் தோண்டின குழிகளை.

"சொன்னா நான் தாங்கமாட்டேன்னு நினைச்சியா?"

"ஆமா. அண்ணியும் பயந்தாங்க. நீ அப்ப ரயில் பாதைக்கு..."

"தாங்கியிருப்பேன்" என்றார். "மாப்பிள்ளைக்கு நான் தெரியாம செஞ்சுட்டேன்னு அழுதிருப்பேன். ஒரு வருஷம் வண்டியில ஏறியிருக்க மாட்டேன். அப்புறம் ஏறியிருப்பேன், மண்ணைத் தள்ளிக் கொட்டியிருப்பேன். அதைத் தாங்கியிருப்பேன் பாப்பா. இதை எப்படித் தாங்குறது?"

தான் காப்பாற்றுகிறோம் என்று நினைத்த ஆள், தான் நினைத்ததைவிடப் பலமான ஆள் என்பது ஒரு சாவுக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்தது. அண்ணன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நெட்டை வீட்டுக்குப் போகணும். நீயும் வா."

"இப்பவா?"

"அந்தப் பொண்ணு அஞ்சு நாளா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டு இருக்கா. விதின்னு ஒருத்தர் சொல்றாங்க, மண்ணு சரியில்லைன்னு ஒருத்தர் சொல்றாங்க. உனக்கு மழைன்னு சொன்னோமே, அந்த மாதிரி. நானே சொல்லிடுவேன், ஆனா இந்தக் கோடெல்லாம் எனக்குச் சொல்ல வராது. நீதான் சொல்லணும்."

நெட்டை வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தே போனார்கள். எதிரே வந்த ஒருவர் அண்ணனை நிறுத்திக் கையைப் பற்றி, எல்லாம் நம்ம கையிலயா இருக்கு என்று ஆறுதல் சொன்னார். அண்ணன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு நடந்தார்.

நெட்டையின் மனைவி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உறவுக்காரப் பெண்கள் இருவர். அண்ணனைப் பார்த்ததும் ஒருத்தி பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினாள். நெட்டையின் மனைவி அழவில்லை. நகர்ந்து உட்கார்ந்து, அண்ணனோடு வந்த அவளுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள். தன்னைப்போலவே ஒரு குழியில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்கிற உரிமையில் அவளுடைய தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தத் தலையின் பாரத்தைத் தாங்குவதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

நெட்டை தங்கச்சி என்று கூப்பிட்டதால் இவளும் அவளுக்கு அண்ணிதான். "அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அதைத் தரையில் விரித்து, விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பலகையைச் சொன்னாள், குவியலைச் சொன்னாள், இரண்டு எண்களையும் சொன்னாள். அண்ணன் கதவோரம் நின்று, "நான்தான்மா கொட்டினேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அழுதுகொண்டிருந்த பெண் அழுகையை நிறுத்திவிட்டாள்.

நெட்டையின் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனாலும் புரிந்துகொண்டாள். தோளிலிருந்து தலையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தாள். தாளையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.